இரட்டைப் போரில் மிகைவலிமையை அளத்தல்: போக்கிமான் ஆட்டத்தின் தீர்ப்பு மரபுகள்

ஜப்பானில் 1996இல் முதல் பதிப்பு வெளிவந்த போக்கிமான் காணொளி விளையாட்டில், இருபுறமும் இரண்டிரண்டு உயிரிகள் ஒரே வேளையில் களத்தில் நின்று மோதும் இரட்டைப் போர், 2002இல் வந்த ரூபி, சஃபையர் பதிப்புகளில்தான் இடம்பெற்றது. 2009 முதல் 'வீடியோ கேம் சாம்பியன்ஷிப்ஸ்' என்ற பெயரில், சுருக்கமாக விஜிசி என்று, நடந்துவரும் அதிகாரப்பூர்வ உலகப் போட்டிகள் அவ்வடிவத்தையே தமக்குரியதாக்கிக்கொண்டதால், ஆட்ட நுட்பம் பற்றிய கனமான விவாதங்கள் பல இரட்டைப் போரைச் சுற்றியே வளர்ந்தன. அவற்றுள் இன்றுவரை ஓயாதது ஒன்று: பெரும்பாலோர் தம் அணியில் சேர்க்கும் ஓர் உயிரி, நல்ல தேர்வு என்பதால் அவ்விடத்தைப் பெற்றிருக்கிறதா, அல்லது ஆட்டக்காரர்கள் 'ஓபி' என்று சொல்லும் அளவுமீறிய வலிமையால் பிறவற்றை வெளியே தள்ளிவிட்டு அங்கே அமர்ந்திருக்கிறதா என்பது.

ஒற்றைப் போரில் இக்கேள்விக்கு விடை காண்பது ஒப்பீட்டளவில் எளிது. எதிரே நிற்பது ஒன்றே என்பதால், ஓர் உயிரியின் முன் பாதுகாப்பாக இறங்கக்கூடியவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே ஒரு மதிப்பீடு கிடைத்துவிடும். இரட்டைப் போரிலோ பக்கத்தில் நிற்கும் துணையைச் சேர்க்காமல் எந்த உயிரியையும் எடைபோட முடியாது. எதிரிகள் இருவரையும் ஒருசேரத் தாக்கும் வித்தை, தனியொருவர் மேல் விழும்போது தரும் சேதத்தில் முக்கால் பங்கையே ஒவ்வொருவருக்கும் தருகிறது. களத்தில் இறங்கியதும் எதிரியின் தாக்குதல் வலுவை மூன்றில் இரண்டாகக் குறைக்கும் இன்டிமிடேட் என்ற பிறவிக்குணம் இங்கே எதிரிகள் இருவரையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. எதிரியின் அடிகளைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் ஃபாலோ மீ, ஒற்றைப் போரில் பயனற்றதாயிருந்தும், இங்கே அணியின் உயிர்நாடியாகிவிடுகிறது. ஒற்றைப் போரின் அளவுகோலை அப்படியே கொண்டுவந்து வைத்தால் இங்கே தீர்ப்பு பிழைப்பது இதனால்தான்.

இரட்டைப் போரின் தீர்ப்பு மரபுகளில் முதலாவது, போட்டியை நடத்துவோருடையது. உருவாக்குநர்களும் நடத்துநர்களும் தனியொரு உயிரியைக் குற்றம்சாட்டித் தடைசெய்வதைப் பெரும்பாலும் தவிர்த்து, பருவத்துக்குப் பருவம் விதித்தொகுப்பையே மாற்றுகிறார்கள். ஒரு பருவத்தில் பேராற்றல் வாய்ந்த தொன்மக்கதை உயிரிகளுள் இரண்டு வரை ஒவ்வோர் அணியிலும் அனுமதிக்கப்படும். இன்னொன்றில் அவை முற்றிலும் விலக்கப்படும். 2011இல் யுனோவா மண்டலத்தில் புதிதாக அறிமுகமானவை மட்டுமே களம் இறங்கலாம் என்று விதி செய்யப்பட்டது. ஆறு உயிரிகளைப் பதிவுசெய்து, ஆட்டத்துக்கு நான்கை மட்டும் தேர்ந்தெடுப்பதும், ஒரே பொருளை அணியில் இருவர் வைத்திருக்கக் கூடாது என்பதும் இம்மரபின் நிலையான விதிகள். எந்த வலிமையும் சில மாதங்களில் தானே காலாவதியாகும், அதுவரை ஆட்டக்காரர்கள் ஈடுகொடுக்கட்டும் என்பதே இதன் உள்ளுறை நம்பிக்கை. 2010, 2011, 2012 ஆகிய மூன்றாண்டுகளிலும், ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட விதித்தொகுப்புகளின் கீழ், ரே ரிஸ்ஸோ ஒருவரே உலகப் பட்டம் வென்றதை இம்மரபினர் தம் தரப்புச் சான்றாகக் காட்டுவதில் நியாயமுண்டு.

இவர்கள் காட்டும் இன்னொரு சான்று 2016ஆம் ஆண்டினுடையது. அப்பருவத்தில் செர்னியஸ், ப்ரைமல் க்ரௌடன், மெகா கங்காஸ்கான், மெகா சாலமென்ஸ், ஸ்மியர்கிள், டாலன்ஃப்ளேம் என்னும் ஆறும் சேர்ந்த அணி 'பெரிய ஆறு' என்றே பெயர்பெறும் அளவுக்கு எங்கும் பரவியிருந்தது. அதன் மையமான செர்னியஸ் தன் ஜியோமன்சி வித்தையால் சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் மூன்றையும் இரண்டிரண்டு படி உயர்த்திக்கொள்ளும். அதற்குத் தேவையான ஒரு சுற்றுக் காத்திருப்பையும் பவர் ஹெர்ப் என்ற பொருள் நீக்கிவிடும். ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் போட்டியை வென்ற வுல்ஃப் க்ளிக்கின் அணியில் கயோகர், ரேக்வாசா, ஹிட்மான்டாப், பிரான்ஸாங், கெங்கார், ரைச்சு ஆகியவை இருந்தனவே தவிர, அந்த ஆறில் ஒன்றுகூட இல்லை. 2014இல் வாஷிங்டனில் சேஜுன் பார்க் பட்டம் வென்ற அணியில், அடிப்படைப் புள்ளிகளின் கூட்டுத்தொகை 405 மட்டுமேயான பச்சிரிசு என்ற சிறு அணில் இடம்பெற்று, ஃபாலோ மீ கொண்டு தன் துணைகளைக் காத்ததையும் இதனோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்.

சொல்லத் தகுந்த வெற்றிகள்தாம். ஆயினும் தீர்ப்புக்கு இவை போதா. ஒரே ஒரு வெற்றியாளரின் அணி, முடியும் என்பதைக் காட்டுமே அல்லாமல், அதற்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைக் காட்டாது. கயோகரும் ரேக்வாசாவும் அந்த ஆறுக்கு வெளியே நின்றவை என்றாலும் எளியவை அல்ல என்பதும், பச்சிரிசுவின் கதை மீண்டும் மீண்டும் சொல்லப்படுவதற்கே அது அரியது என்பது காரணம் என்பதும் மறக்கப்படுகின்றன.

இரண்டாவது மரபு, 2004இல் தோன்றிய ஸ்மோகான் என்னும் ஆட்டக்காரர் சமூகத்தினுடையது. இச்சமூகம் ஒற்றைப் போருக்கென்றே வளர்ந்ததாயினும், 'டபுள்ஸ் ஓயூ' என்ற பெயரில் இரட்டைப் போருக்கும் தனிப் படிநிலை ஒன்றைப் பேணுகிறது. அங்கே நான்கு அல்ல, ஆறு உயிரிகளும் ஆட்டத்தில் இறங்கும். ஐயத்துக்குள்ளான ஓர் உயிரியைக் குறித்து முதலில் சோதனை அறிவிக்கப்படும். குறித்த தரமதிப்பை ஏணி ஆட்டங்களில் எட்டியவர்களுக்கு மட்டும் வாக்குரிமை கிடைக்கும். பொதுவாக 60 விழுக்காட்டினர் ஒப்பினால்தான் தடை நிறைவேறும். வாக்களிப்போர் எடுத்துப் பேச வேண்டிய காரணங்களையும் இம்மரபு வகுத்திருக்கிறது: எதிர்கொள்ளத்தக்க விடைகள் மிகக் குறைந்துபோகும்படி அமைந்த மிகைவலிமை, ஆட்டக்காரரின் திறமை முடிவில் ஆற்றும் பங்கையே குறைத்துவிடும் தன்மை, இவ்விரண்டிலும் அடங்காவிட்டாலும் ஆட்டத்தின் நலத்தைக் கெடுப்பது. மூன்றாவது காரணம் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடிய தளர்ந்த வலை என்ற குறை நெடுநாளாக உண்டு, அக்குறை பொய்யும் அல்ல.

இவ்விரு மரபுகளுக்கும் வெளியே, பார்வையாளர்களும் புதியவர்களும் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்று உண்டு. அது பயன்பாட்டு விகிதம், அதாவது நூறு அணிகளில் எத்தனையில் ஓர் உயிரி இடம்பெறுகிறது என்ற கணக்கு. ஸ்மோகான் மரபும் இக்கணக்கைப் பயன்படுத்துகிறது, ஆனால் தடைக்காக அல்ல. 20 ஆட்டங்களில் ஒருமுறையேனும் ஓர் உயிரியைச் சந்திக்கப் பாதி வாய்ப்பு இருந்தால் அது மேல்படிக்குரியது என்ற கொள்கையில் 3.41 விழுக்காடும், பின்னர் அதை 15 ஆட்டங்களாக மாற்றியபோது 4.52 விழுக்காடும் எல்லையாயின. கீழே எது போகலாம் என்பதைச் சொல்லும் எண் அது. மேலே எதைத் துரத்த வேண்டும் என்பதை அது சொல்லாது. விஜிசியில் இக்கணக்கு இன்னும் மயக்கம் தருவது, ஏனெனில் பதிவுத்தாளில் உள்ள ஆறில் ஒன்றாக எண்ணப்படுவது அந்த ஆட்டத்தில் களம் இறங்காமலே போயிருக்கலாம். வெற்றி விகிதத்தை எடுத்துக்கொண்டாலும் கதை தேறாது: இரு அணியிலும் ஒரே உயிரி இருக்கும் ஆட்டத்தில் அதற்கு ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும் கட்டாயம் சேர்வதால், எவ்வளவுக்கு எவ்வளவு ஓர் உயிரி பரவுகிறதோ அவ்வளவுக்கு அதன் வெற்றி விகிதம் ஐம்பதை நோக்கி இழுக்கப்படும். உண்மையிலேயே மிகைவலிமை கொண்ட ஒன்று, எல்லோரும் அதை எடுத்துக்கொண்ட பிறகு, புள்ளிவிவரத்தில் நடுத்தரமானதாகத் தோன்றும் விந்தை இதனால் நேர்கிறது.

எண்ணிக்கை ஏமாற்றுவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இன்சினரோர். 2016இன் சன், மூன் பதிப்புகளில் அறிமுகமாகி, 2018 பருவத்தில் இன்டிமிடேட் குணத்தோடு களம்புகுந்தது முதல், அது அனுமதிக்கப்பட்ட ஏறத்தாழ எல்லா விதித்தொகுப்புகளிலும் முன்வரிசையில் நிற்கிறது. களத்தில் இறங்கிய முதல் சுற்றில் மட்டும் எதிரி ஒருவரைச் செயலிழக்கச் செய்யும் ஃபேக் அவுட், எதிரியின் வலுவைக் குறைத்துவிட்டுத் தான் பின்வாங்க உதவும் பார்ட்டிங் ஷாட் ஆகியவற்றோடு இன்டிமிடேட்டும் சேர்வதால், ஒவ்வொரு முறை அது உள்ளே வரும்போதும் எதிர்த்தரப்பு ஏதோ ஒன்றை இழக்கிறது. ஆனால் அதன் வேகத்துக்குரிய அடிப்படைப் புள்ளி 60தான். அது தானாக எவரையும் வீழ்த்தி ஆட்டத்தை முடிப்பதும் அரிது. அதற்கு எதிராக வைக்கப்படும் விடைகளும் வேறு எதற்கும் உதவாத விடைகள் அல்ல. தன் வலு குறைக்கப்பட்டால் தாக்குதலை இரண்டு படி உயர்த்திக்கொள்ளும் டிஃபயன்ட் குணமுள்ள கிங்காம்பிட், அதேபோல் சிறப்புத் தாக்குதலை உயர்த்திக்கொள்ளும் மிலோட்டிக், ஒரு சுற்றைத் தற்காப்பில் கழித்து ஃபேக் அவுட்டை வீணாக்கும் புரொடெக்ட் ஆகிய எல்லாம் இன்சினரோர் இல்லாத ஆட்டங்களிலும் பயன்படுபவை. அலுப்பூட்டுவது என்று அதைக் குறைகூறலாம், பலர் கூறுகிறார்கள், மிகைவலிமை என்ற குற்றச்சாட்டு அதன்மேல் ஒட்டவில்லை.

இதற்கு நேர்மாறானது ஸ்மியர்கிள். அடிப்படைப் புள்ளிகள் எல்லாம் சேர்ந்தும் 250ஐத் தாண்டாத இந்த ஓவியன், பிற உயிரிகளின் வித்தைகளைப் பார்த்து வரைந்துகொள்ளும் ஸ்கெட்ச் என்ற வித்தையால், டார்க்ரைக்கே உரியதாயிருந்த டார்க் வாய்டைக் கற்றுக்கொண்டது. 80 விழுக்காடு துல்லியத்தோடு எதிரிகள் இருவரையும் ஒருசேர உறங்கவைக்கும் வித்தை அது. இருவரும் உறங்கிவிட 64 விழுக்காடு வாய்ப்பு, இருவரும் தப்பிக்க 4 விழுக்காடே வாய்ப்பு. உறக்கம் எத்தனை சுற்று நீளும் என்பதும் தற்செயலே. ஒரு சுற்றுக்குள் எதிராளியின் முடிவெடுக்கும் உரிமை முழுதும் பறிபோவதும், அதைத் திருப்பித் தருவது பகடையாக இருப்பதும் சேர்ந்தால், தோற்றவர் எங்கே பிழைத்தார் என்று சொல்ல ஒன்றுமே இராது. பயன்பாட்டுக் கணக்கில் ஸ்மியர்கிள் எந்த இடத்தில் நின்றாலும் இக்குற்றம் மாறாது. ஸ்மோகானின் இரட்டைப் போர் மரபு அந்த வித்தையைத் தடைசெய்தது சரியான தீர்ப்பே.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், எந்த அளவுகோல் இரட்டைப் போருக்குப் பொருந்தும் என்பது தெளிவாகிறது. ஓர் உயிரி எத்தனை முறை தோன்றுகிறது என்பதோ எத்தனை முறை வெல்கிறது என்பதோ அல்ல, அதற்கு விடைவைக்க எதிராளி எதைக் கைவிட வேண்டியிருக்கிறது என்பதே எடைபோடத் தக்கது. அவ்விடை அணியில் ஓரிடத்தை முழுதாக விழுங்கி, அந்த உயிரி எதிர்ப்படாத ஆட்டங்களில் வெறும் சுமையாகிவிடுமானால், அல்லது விடை இருந்தும் அதைச் செயற்படுத்த ஒரு சுற்றுகூடக் கிடைக்காதென்றால், அங்கே மிகைவலிமை உண்டு.

மெகா கங்காஸ்கானை இந்த அளவுகோலில் வைத்தால், இரு வடிவங்களிலும் அதற்குக் கிடைத்த முரண்பட்ட தீர்ப்புகள் இரண்டும் பொருந்திவிடும். தாய் அடித்ததும் குட்டியும் தொடர்ந்து அடிக்கும் அதன் பேரன்டல் பாண்ட் குணத்தில், இரண்டாம் அடி முதலடியின் பாதி வலுவைக் கொண்டிருந்தது. அடிக்கும்தோறும் தாக்குதலை உயர்த்தும் பவர்-அப் பஞ்ச் அதனால் ஒரே சுற்றில் இரண்டு படி ஏற்றம் தந்தது. ஒற்றைப் போரில் ஸ்மோகான் அதைத் தடைசெய்ய நெடுநாள் எடுத்துக்கொள்ளவில்லை. இரட்டைப் போரிலோ, எதிரிகள் இருவரையும் தாக்கும் வித்தைகளுக்கு இரண்டாம் அடி கிடைப்பதில்லை. இன்டிமிடேட் அணிகளில் மலிந்திருந்தது. அடிகளை வேறொருவர் மேல் திருப்பவும், இருவர் சேர்ந்து அதையே குறிவைக்கவும் வழி இருந்தது. கிரெசீலியா, ஹீட்ரான், அமூங்கஸ், லாண்டோரஸ் ஆகியவற்றோடு அது சேர்ந்த அணி 2015 பருவத்தை ஆட்டிப்படைத்தது உண்மை; ஆயினும் அதன் விடைகள் எல்லாம் அணிகளில் ஏற்கெனவே இருந்த கருவிகளே.

டைனமேக்ஸ் வேறு வழக்கு. 2019இல் சோர்ட், ஷீல்டு பதிப்புகள் கொண்டுவந்த இவ்வியங்குமுறையில், ஆட்டத்துக்கு ஒருமுறை ஓர் உயிரி மூன்று சுற்றுகளுக்குப் பேருருக்கொண்டு, இரு மடங்கு வரை உயிர்ப்புள்ளி பெறும். ஃபேக் அவுட் போன்றவற்றால் அது தயங்கி நிற்பதில்லை. இரட்டைப் போர் தன் சமநிலைக்கு நம்பியிருந்த கருவிகளையே செயலற்றதாக்கியதால், ஸ்மோகான் அதைத் தன் இரட்டைப் போர் படிநிலையிலிருந்து விலக்கியது. விஜிசி அப்பதிப்புகளின் காலத்தில் பெரும்பாலும் அதை வைத்துக்கொண்டது. இரு தரப்பினரும் ஒரே உரிமையைப் பெற்றிருந்தனர், எப்போது பயன்படுத்துவது என்பதே திறமை என்ற விஜிசி தரப்பின் வாதம் வலுவற்றதன்று. நான்கு உயிரிகளோடு முடியும் குறுகிய ஆட்டத்தில் மூன்று சுற்றுகளைத் தாக்குப்பிடிப்பது ஒரு கலையாகவே வளர்ந்தது.

எதைத் தடைசெய்வது என்பதிலும் இரட்டைப் போர் மரபு தனி வழி கண்டது. உயிரியை விட்டுவிட்டு, குற்றத்துக்குக் காரணமான பொருளையோ வித்தையையோ நீக்குவது இங்கே அடிக்கடி நிகழ்ந்திருக்கிறது. அடிப்படைப் புள்ளி 325 மட்டுமே கொண்ட ஈவி, ஈவியம் இசட் என்ற பொருளால் ஐந்து பண்புகளையும் இரண்டிரண்டு படி உயர்த்தி, அவ்வுயர்வைப் பேட்டன் பாஸ் மூலம் துணைக்குக் கைமாற்றியபோது, தடை விழுந்தது பொருளின்மேல்தான். சொந்தத் துணையையே பலமுறை அடித்து, அவ்வடிகளால் தாக்குதலை உயர்த்தும் அதன் ஜஸ்டிஃபைட் குணத்தைத் தூண்டும் பீட் அப் வித்தையும் அவ்வாறே நீக்கப்பட்டது. ஒற்றைப் போரில் இப்படியொரு குற்றம் எழவே வழியில்லை.

உருவாக்குநர்கள் இவ்வாக்கெடுப்புகளில் கலந்துகொள்வதில்லை. எனினும் 2016இன் பதிப்புகளில் டார்க் வாய்டின் துல்லியத்தை 50 விழுக்காடாகக் குறைத்து, டார்க்ரை தவிர வேறெதுவும் அதைப் பயன்படுத்த முடியாதபடி செய்ததோடு, கங்காஸ்கானின் இரண்டாம் அடியையும் கால்பங்காக்கினார்கள். இன்சினரோர் மீது அவர்களின் கத்தி அவ்வாறு விழவில்லை. ஸ்கார்லெட், வயலெட் பதிப்புகளின் காலத்தில் உலகப் போட்டிகளில் இரு தரப்பினரும் தம் பதிவுத்தாளை ஒருவருக்கொருவர் காட்டும் முறை வந்தபின், மறைத்து வைத்த வித்தையால் வலுப்பெற்ற உயிரிகளின் மதிப்பு சரிந்தது. என்ன வித்தைகளோடு வரும் என்று எல்லோருக்கும் தெரிந்தேயிருந்த இன்சினரோருக்கு அதனாலும் இழப்பில்லை. 2024 செப்டம்பரில் தொடங்கிய விதித்தொகுப்பு, தொன்மக்கதை உயிரிகளையும் பாரடாக்ஸ் எனப்படும் காலம்கடந்து வந்தவற்றையும் ஒருசேர விலக்கியபோதும் அது முன்வரிசையிலேயே நின்றது, அதே அணிகளில் அதற்கு விடையான கிங்காம்பிட்டும் நின்றது.