புனிதம் காப்பாற்றிய குப்பை

புனிதப் பிரதி அன்றாடத்தை அழிக்கும் என்று நம்மாட்கள் சூத்திரம்போல ஒப்பிக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கடவுளின் பெயர் எழுதிய தாளை யூதர்கள் கிழித்தெறிவதில்லை. நைந்துபோனால் ‘கெனிசா’ என்ற அறையில் போட்டுவைத்துப் பிறகு புதைப்பது வழக்கம். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அவை புதைபடாமல் நூற்றாண்டுக் கணக்கில் குவிந்துபோச்சு. 1896-97இல் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனவை மட்டும் 1,90,000 துணுக்குகளுக்கு மேல். பிரார்த்தனை ஏடுகளோடு கடன் சீட்டு, மண ஒப்பந்தம், பெண்களின் கடிதங்கள், பிள்ளைகள் எழுத்துப் பழகிய தாள் எல்லாம் கலந்து கிடந்தன. வணிகக் கடிதமும் பெரும்பாலும் கடவுளை விளித்துத்தானே தொடங்கியது? விலக்கின் அச்சமே விளிம்பைக் காப்பாற்றிவிட்டது என்பது என் வாசிப்பு. பிரதியில் என்ன எழுதியிருக்கு என்று மட்டும் கேட்டால் போதாது. அதைக் கையில் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்றும் கேட்கணும்.