முதுமைப் பாட்டும் மலைத்தோட்டத்துச் செவிகளும்

முதுமையைப் பற்றித் தமிழில் எழுந்த பாட்டுகளுள் பெரும்பாலானவை கேட்போரை அச்சுறுத்தப் பிறந்தவை. நரையையும் திரையையும் காட்டி, 'நாளை உனக்கும் இதுவே' என்று சுட்டுவிரல் நீட்டுவது அவற்றின் இயல்பு. அவ்வாறு விரல் நீட்டாமல், யாரையும் திருத்த முற்படாமல், கிழவர் ஒருவர் தம் போக்கில் பழைய நாளை நினைத்துப் பேசுவதாக அமைந்த பாட்டொன்று புறநானூற்றில் 243ஆம் எண் பெற்று நிற்கிறது. பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. கையில் பிடித்திருந்த கோலைப் பற்றி அவர் சொன்ன சொற்றொடரே அவருக்குப் பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்குகிறார். அணிலாடு முன்றிலார், செம்புலப் பெயனீரார் முதலியோர் தாம் பாடிய உவமையால் பெயர் பெற்றதுபோல, இவர் தம் ஊன்றுகோலால் பெயர் பெற்றார். பூண் கட்டிய தலையையுடைய கோல் அது. கவிஞரது வாழ்க்கையைப் பற்றி எஞ்சிய சான்று அக்கோல் ஒன்றே.

பாட்டின் செய்தி எளியது. மணலைப் பிசைந்து பாவை செய்து அதற்குப் பூச்சூட்டினோம்; குளிர்ந்த குளத்தில் ஆடும் பெண்களோடு கைகோத்து, அவர்கள் தழுவினால் தழுவியும் அசைந்தால் அசைந்தும் ஆடினோம்; ஒளிவுமறைவு அறியாத தோழரோடு கூடி, நீரின்மேல் தாழ்ந்திருந்த மருத மரத்துக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் மருளும்படி ஆழ்ந்த மடுவில் 'துடும்' எனக் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளிக் காட்டினோம்; அந்த இளமை இப்போது எங்கே? கேட்பவர் கோலூன்றி நடுங்கி நிற்கும் கிழவர். இருமலுக்கு இடையே சில சொற்களே அவருக்கு வாய்க்கின்றன. பதினான்கு அடிகளில் பாட்டு முடிந்துவிடுகிறது. முதுமைக்கு ஒதுக்கப்பட்டவை இறுதியில் வரும் மூன்றடிகள் மாத்திரமே. எஞ்சியன பெரும்பாலும் நீரும் மணலும் குதிப்புமாகவே செல்கின்றன.

இதனைத் தொகுத்தோர் கையறுநிலை என்னும் துறையில் வைத்தனர். கையறுநிலை என்பது இறந்தாரை நினைந்து செயலற்று வருந்துவது. இப்பாட்டிலோ இறந்தவர் எவரும் இல்லை. ஆயினும் நூலில் இது நிற்கும் இடத்தை நோக்கினால் தொகுத்தோரின் நுட்பம் விளங்கும். 241ஆம் பாட்டு ஆய் அண்டிரனின் சாவைப் பற்றியது. 242ஆம் பாட்டு ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபின் பூத்த முல்லையை நோக்கிக் குடவாயிற் கீரத்தனார் வினவியது. 245ஆம் பாட்டில் சேர மன்னன் மாக்கோதை தன் மனைவியைத் தீயில் இட்டுவிட்டுப் புலம்புகிறான். இத்தனை பிணங்களுக்கு நடுவே, உயிரோடிருக்கும் கிழவர் ஒருவரின் இளமையையும் கிடத்திவிட்டனர். அதுவும் மாண்டதே என்று அவர்கள் கொண்டனர் போலும். இதைக் காட்டிலும் சிறந்த விமரிசனம் இப்பாட்டுக்குப் பின்னால் எழுதப்படவில்லை என்று சொன்னாலும் மிகையாகாது.

இப்பாட்டைக் கேட்போர் எல்லாரும் ஒரே வகையாக உணர்வதில்லை. அந்த வேறுபாட்டை நன்கு காணக்கூடிய இடம் மதுரையோ சிதம்பரமோ அன்று. மலேசியாவில் பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள். 1885இல் வில்லியம் கேமரன் அளந்து குறித்த மலைநாடு அது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். ஹாபு, சுங்கை பாலாஸ், புளூவேலி எனச் சரிவு சரிவாகத் தேயிலை பரவிற்று. அச்சரிவுகளில் கூடையைச் சுமந்து கொழுந்து எடுத்தவர்களுள் தமிழர் மிகப் பலர். இன்று கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. மலையில் நிற்போரும் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாட்டினர். தமிழ்ப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டனர். லயங்களில் எஞ்சியிருப்போரில் கோலூன்றியவர்களும் உளர். பனி இறங்கும் மாலையில் இருமல் எப்படிச் சொல்லை அறுக்கும் என்பதை அவர்களுக்கு உரையாசிரியர் எவரும் விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய செவிகளில் இப்பாட்டை எளிய தமிழில் எடுத்துச் சொன்னால் முதலில் எழுவது புன்னகை. கிளையிலிருந்து மடுவில் குதித்துக் கைநிறைய மணலோடு மேலே வருவதை, ஆற்றங்கரையில் வளர்ந்த எவரும் தம் கதையாகவே கேட்பர். இவ்வுணர்ச்சி மெய்யானது, பாட்டு வேண்டி நிற்பதும் இதையே. அப்புன்னகைக்குப் பின் மூன்று வகைக் குறைகள் எழக்கூடும்.

முதற்குறை, அறநூல் கற்றவர் கூறுவது. 'இதில் படிப்பினை யாது? போனது போயிற்று என்று பெருமூச்சு விடுவதற்கு ஒரு பாட்டா?' என்பர் அவர். அவர் மனத்தில் நிற்பது நாலடியார். அந்நூலின் இளமை நிலையாமை அதிகாரத்திலும் கோலூன்றும் கிழவர் வருகிறார். நரை வரும் என்று முன்னரே உணர்ந்து துறந்தவர்களே அறிவாளர். நில்லாத இளமையில் களித்தவர்களோ கோலை ஊன்றித் துன்புற்று எழுவர் என்பது அங்கே செய்தி. இரண்டிலும் கோல் ஒன்றுதான். நாலடியாரில் அது களித்ததற்குத் தண்டனை. புறநானூற்றில் நிற்பதற்குத் துணை. சமண முனிவர் கிழவரை வெளியே நின்று காண்கிறார். தண்டினாரோ கிழவராகவே இருந்து பேசுகிறார். புறநானூற்றிலேயே 195ஆம் பாட்டில் நரிவெரூஉத்தலையார் நரைத்த முதியோரைப் பார்த்து, நல்லது செய்ய இயலாவிடினும் தீயதைச் செய்யாதீர் என்கிறார். அதுவும் நல்ல பாட்டே. ஆயினும் மாதம் முழுதும் மலையேறி இறங்கிய ஒருவரிடம் போய், 'களித்தாயே, இப்போது பார்' என்று நாலடியாரைக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? அவர் எப்போது களித்தார்?

இவ்வினாவே இரண்டாம் குறைக்கு வாயில். இது முதற்குறையிலும் கூர்மையானது. 'பாடியவருக்கு நினைத்து ஏங்க ஓர் இளமை இருந்தது. எங்களுக்கு என்ன இருந்தது?' என்பது அது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, கங்காணியின் குரலுக்குப் பெயர் கொடுத்து, நிறுவைக்குக் கூடையை இறக்கிக் கழிந்த பருவத்தை எண்ணி ஏங்குவது எப்படி? இரக்கம் தோன்றுவதற்கு முன் இன்பம் இருந்திருக்க வேண்டுமன்றோ? இப்பாட்டில் இளமைக்கு அடையாக வரும் 'கல்லா' என்ற சொல்லை எடுத்துக்கொள்க. கவிஞர் அதனை மிக அன்போடு ஆள்கிறார். கல்வி முதலிய கவலை தீண்டாத, கள்ளமற்ற பருவம் என்பது அங்கே குறிப்பு. கொழுந்துக் கூடைக்காகப் பள்ளியை விட்ட ஒருவரின் காதில் அதே சொல் வேறு விதமாக விழும். கல்லாமை அவருக்கு விளையாட்டின் இனிமையன்று. வாழ்நாள் முழுதும் கிராணியின் கணக்கை நம்பியிருக்க வைத்த குறை. ஒரே சொல் ஒருவருக்குத் தேனாகவும் மற்றொருவருக்கு எட்டியாகவும் இருக்குமாயின், கேட்டவரின் அறியாமை அதற்குக் காரணம் அன்று. கற்றவர் அச்சொல்லைத் தேன் என்று மாத்திரமே விளக்கி வந்ததே காரணம்.

ஆயினும் இக்குறையை முழுதும் ஒப்புக்கொள்ளுதல் பாட்டுக்கு நீதி செய்வதாகாது. கிழவர் இழந்தவற்றின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அதில் பொன் இல்லை, யானை இல்லை, மாடம் இல்லை. மணற்பாவை, பறித்த பூ, பிறர் கை, மரக்கிளை, நீர், ஒரு பிடி மணல், இவ்வளவே. விலை கொடுத்து வாங்கியது ஒன்றும் இல்லை. சங்கப் பாட்டுகளில் இத்தனை ஏழ்மையான இன்பப் பட்டியல் அரிது. லயத்துப் பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை ஓடைக்குப் போனதுண்டு. அவரையும் தாய் கரையில் நின்று பதறியதுண்டு. வேலை எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று சொல்லும் முதியவரே சற்று நேரம் கழித்து ஓடையின் பெயரைச் சொல்லத் தொடங்கினால் வியப்பில்லை. ஏக்கமும் கசப்பும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். பாட்டைப் புகழ்வோர் கசப்பை மறுப்பதும், மறுப்போர் ஏக்கத்தை மறுப்பதும் வீண்.

ஓடையைப் பற்றி ஒரு செய்தி. கேமரன் மலையின் பெர்த்தாம் ஆற்றை ரிங்லெட் அருகே மறித்து, மின்சாரத்திற்காகச் சுல்தான் அபு பக்கார் அணை 1963இல் கட்டி முடிக்கப்பெற்றது. மலைச்சரிவுகளைக் காய்கறித் தோட்டத்திற்கும் கட்டடத்திற்கும் வெட்டியதனால் இறங்கிய மண் ஆண்டுக்காண்டு அந்நீர்த்தேக்கத்தை நிரப்பியது. தூர் வாருவதே பெரும்பணியாயிற்று. சங்கக் கிழவர் இளமையைத்தான் இழந்தார். அவருடைய மருத மரமும் மடுவும் அங்கேயே இருந்திருக்கும். வேறு சிறுவர் குதித்திருப்பர். குதித்தவரோடு குட்டமும் மூத்துப்போகும் என்பது அவர் அறியாதது.

மூன்றாம் குறை இளைஞருடையது. 'கிழவர் இப்படிப் புலம்பலாமா? நரைத்தும் நரைக்காமல் வாழ்வதன்றோ அழகு?' என்பது அது. இதற்கும் புறநானூற்றில் சான்று உண்டு. 191ஆம் பாட்டில், ஆண்டு பல சென்றும் ஏன் நரைக்கவில்லை என்று வினவியோர்க்குப் பிசிராந்தையார் விடை கூறுகிறார்: மனைவியும் மக்களும் நிறைந்தவர், ஏவலர் குறிப்பறிபவர், வேந்தன் தீமை செய்யான், ஊரில் சான்றோர் பலர். மிகப் புகழ்பெற்ற பாட்டு இது, மேடைதோறும் ஒலிப்பது. ஆனால் அவர் சொன்ன காரணங்களுள் அவரது உடம்போ மனவுறுதியோ ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிறரைப் பற்றியவை. ஒருவர் நரைப்பதும் நரைக்காததும் அவர் வீட்டையும் ஊரையும் அரசையும் பொறுத்தது என்பதே அங்குள்ள கருத்து. அப்படியாயின் தோட்டத்து முதியவரிடம் மனவுறுதியைப் பற்றிப் பேசுவதற்குமுன், அவருடைய வீடு யாருடையது என்று கேட்க வேண்டும். வேலை நின்றால் லயத்து வீட்டையும் விட்டு இறங்க வேண்டுமோ என்ற அச்சம் மலேசியத் தோட்ட வாழ்வின் பழைய துயரம். தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என 2013இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கப்பால் உள்ள ஆண்டுகளைச் சட்டம் எண்ணிக் கொடுக்கவில்லை. பிசிராந்தையாருடைய நான்கு காரணங்களும் ஒருங்கே வாய்த்த லயம் எது?

மேலைநாட்டிலும் இத்தகைய பாட்டுகள் உள. பால் மெக்கார்ட்னி பதின்ம வயதிலேயே மெட்டமைத்து, பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட பாட்டு, 64 வயதில் தன்னை நேசிப்பாயா என்று காதலியை வினவுவது. கேட்க இனிது. அங்கே முதுமை தொலைவில் உள்ள ஒரு வேடிக்கை. இளைஞன் கற்பனையில் போட்டுப் பார்க்கும் வேடம். நம் பாரதிதாசன் குடும்ப விளக்கின் ஐந்தாம் பகுதிக்கு 'முதியோர் காதல்' என்று பெயரிட்டு, கிழவனும் கிழவியும் ஒருவர் இருப்பதே மற்றவர்க்குப் போதும் என வாழ்வதைக் காட்டினார். அதில் துணை உண்டு. ஆகவே ஆறுதல் உண்டு. தண்டினார் பாட்டில் மனைவி இல்லை, மக்கள் இல்லை, ஆறுதல் சொல்வார் இல்லை. இளமையில் அத்தனை கைகளைப் பிடித்தவர் இறுதியில் பிடித்திருப்பது ஒரு கோல்.

இருந்தும் அவர் தம்மைத் தனியராகச் சொல்லவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாட்டு முழுதும் பேசியவர், முடிவில் 'எனக்கு' என்னாமல் பன்மையில் தம்மைக் கூறுகிறார். புலவர் வழக்கு அது என்று இலக்கணம் கூறி நகரலாம், அதுவும் பிழையன்று. ஆனால் குதித்தவர் பலர். அந்தத் தோழர் கூட்டம் எங்கோ கோலூன்றி இருமிக்கொண்டிருக்கும் என்ற குறிப்பும் அப்பன்மையில் அடங்கும். தோட்டத்துப் பெண்கள் சாவு வீட்டில் வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைத்த வழக்கத்தை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். ஒருத்தி தன் தாய்க்கு அழத் தொடங்குவாள். அடுத்தவள் அதே ராகத்தில் தன் மகனுக்கு அழுவாள். துயரம் வேறு, பாட்டு ஒன்று. தொகுத்தோர் இதனைக் கையறுநிலையில் வைத்ததன் பொருத்தத்தை ஏட்டறிவினும் அந்த வட்டமே நன்கு உணர்த்தும்.

தேயிலைச் செடி இயல்பில் மரமாக வளரக் கூடியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி வெட்டி அதனை இடுப்பளவில் நிறுத்துகின்றனர். பாட்டி கொழுந்தெடுத்த செடியிலேயே பேத்தியும் எடுத்திருக்கலாம். செடி என்றும் இளந்தளிர் விடும், எடுப்பவர் மூப்பர். இந்நிலையில் வாழ்ந்தவரிடத்தில் இளமை நிலையாமை என்னும் அதிகாரத்தைப் புதிதாக ஓத வேண்டுவதில்லை. ஆகவே, கோயில் மண்டபத்திலோ பள்ளி விழாவிலோ இப்பாட்டை எடுத்துச் சொல்வோர் உரையில் படிப்பினை சேர்க்காதிருப்பது நன்று. படிக்கும் முறை குறித்தும் ஒன்று கூறலாம். மேடையேறும் மாணவர் பலர் குதிக்கும் அடிகளை மெல்லவும், கோலூன்றும் அடிகளை உரத்தும் சொல்கின்றனர். முடிவு நெருங்கியது என்ற ஊக்கம் போலும். ஓசை அதற்கு நேர்மாறாக அமைந்துள்ளது. மடுவில் விழும் வரை அடிகள் மூச்சுவிடாமல் ஓடவேண்டும். மணலை அள்ளி மேலே வந்தபின் நிறுத்த வேண்டும். இறுதி மூன்றடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட வேண்டும். அவ்விடைவெளியில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் இருமினால், படிப்பவர் அதற்காக முகஞ்சுளிக்கவும் வேண்டியதில்லை.