ஒடியலும் வற்றலும்

பாக்கு நீரிணையின் இரு கரையிலும் பனங்கிழங்கு விளைகிறது. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் பொங்கலை ஒட்டிக் கட்டுக்கட்டாக வாங்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துத் தின்று முடிக்கிறோம். யாழ்ப்பாணத்தாரும் அவித்துத் தின்பார்கள். ஆனால் அதோடு விடமாட்டார்கள். தோல் உரித்து, நெடுக்காகக் கிழித்து, வெயிலில் போடுவார்கள். பச்சையாகக் காய்ந்தால் ஒடியல், அவித்துக் காய்ந்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவை ஊறவிட்டுக் கசப்பை நீக்கினால் கூழும் பிட்டும் ஆகும். பனம்பழக் களியைப் பாயில் பரப்பிக் காயவைத்த பனாட்டு மாதக்கணக்கில் கெடாது. செலவு பெரும்பாலும் உழைப்புதான்.

தமிழ்நாட்டிலும் காயவைக்கிறோம்: சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர்மிளகாய், வடாம். எல்லாம் தொட்டுக்கொள்ள! யாழ்ப்பாணம் வயிற்றை நிரப்புவதையே காயவைத்தது. குதிரில் கேழ்வரகு கொட்டிவைத்த காலத்தில் நமக்கும் அந்தச் சேமிப்பின் தெம்பு இருந்தது.

ஒடியல் பழைய வழக்கம். அது நிலைத்ததற்கு அண்மைக் காலமும் ஒரு காரணம் என்பேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலங்கையில் தொடங்கிய கூப்பன் அரிசி, 1979இல் உணவு முத்திரைக்கு இடம்விட்டது. 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. 2022 செப்டம்பரில் இலங்கையில் உணவு விலை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் கூடியிருந்தது. கடையை நம்ப முடியாது என்பதை அந்த மக்கள் மறக்கவே வாய்ப்பில்லை.

தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். அது எத்தனையோ வீடுகளின் பசியைத் தணித்தது. அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் காவிரி டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கிரைண்டரையும் ஃபிரிட்ஜையும் நம்பிய சமையலறை அப்போது என்ன செய்யும்?

அத்தகைய நாளுக்காக வீட்டில் கொஞ்சம் சேமித்து வைக்கலாம். நான்கு பேருக்கு இரண்டு வாரத்துக்கு 20 கிலோ அரிசி ஏறக்குறையப் போதும். மொத்தமாக வாங்க முடியாதவர்கள் மாதம் இரண்டு கிலோவாக ஒதுக்கலாம். உலர்ந்த வேப்பிலை போட்டு மூடிவைத்து, பழையதை முதலில் எடுத்துச் சமைக்க வேண்டும். அடுப்பே எரியாத நாளுக்கு அவல், பொட்டுக்கடலை, கருப்பட்டி. பொங்கலுக்குப் பின் மிஞ்சும் பனங்கிழங்கையும் கிழித்து மொட்டைமாடியில் காயப்போடலாம். மாசி வெயில் போதும்.