‘என்பர்’ என்னும் ஒரு சொல்

பழைய மலாக்காத் துறைமுகத்திலே 84 மொழிகள் பேசப்பட்டன என்று நம்மவர் கட்டுரைகளில் எழுதுகின்றனர். ஆதாரம் யாதெனின், வலைத்தேடலையும் செயற்கை நுண்ணறிவையும் காட்டுகின்றனர். மூலத்தைத் தேடுவார் அரியர்.

மூலம் உண்டு. போர்த்துக்கேசியரான தோமே பிரெஸ் 1512 முதல் 1515 வரை எழுதிய ‘சூமா ஓரியந்தால்’ அது. 1937-இல் பாரிசில் அதன் கையெழுத்துப் பிரதி கிடைத்து, 1944-இல் அச்சேறியது. அவ்வூரார் கூறுவதாகவே அவர் அவ்வெண்ணைக் குறித்தார். அந்த ‘என்பர்’ சுருக்கத்தில் உதிருமாயின், கேள்விச் செய்தி சரித்திரமாகி விடுகிறது. நம் பழைய உரையாசிரியர்கள் பிறர் கொள்கையை ‘என்பாரும் உளர்’ என்று பிரித்துக் காட்டினர். யந்திரத்தின் முன் அவ்வொழுங்கை நாம் கைவிடுவானேன்?

கருவிகளை வெறுக்குமாறு நாம் கூறவில்லை. நூல் இன்னதென்று அவை காட்டட்டும். ஏட்டைப் புரட்டுவது நம் கடமை. ஆனால், புக்கிட் அசகான் போன்ற தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர் வாழ்வு பெரும்பாலும் எழுத்திலேறாதது. எழுத்திலேறாததை யந்திரம் அறியாது. வினவினால் ஊகத்தையே உண்மைபோல் உரைத்துவிடவும் கூடும். அதற்கு முதியோரையே அணுக வேண்டும். அவர் மொழியையும் ‘என்பர்’ என்றே குறித்து, பிற சான்றுகளோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும்.

சாத்திரத்தைக் கண்மூடி நம்பாதே என்ற நாம், யந்திரத்தைக் கண்மூடி நம்பலாமோ?