கரண்ட் போனாலும் நிற்காத ஆட்டம்

நெளுக்குளத்தில் வானம் இருட்டினால் கரண்டும் போய்விடும். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பெறாமகன் ரீவியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். வீடே இருண்டது.

"போச்சுதா தம்பி?"

"இல்லை சித்தப்பா."

ரீவிக்குப் பக்கத்திலிருந்த தாங்கியிலிருந்து பலகை ஒன்றை உருவினான். கார் விட்ட இடத்திலேயே நின்றது.

நின்டெண்டோ ஸ்விட்ச். 1889இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய கம்பெனி 2017 மார்ச் 3இல் வெளியிட்டது. மூளை முழுக்க அந்த 6.2 அங்குலத் திரைக்குள்தான். தாங்கி மின்னேற்றி, படத்தை ரீவிக்கு அனுப்பும், அவ்வளவே. இதைவிட வலுவான பெட்டிகள் உண்டு. ஆனால் கரண்ட் போனால் அவற்றில் பல வெறும் பெட்டிகள்.

எனக்குப் பிடித்தது பக்கத்துக் கைப்பிடிகள். தண்டவாளத்தில் மேலிருந்து வழுக்கிவிட்டால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். கழற்றிக் குறுக்காகப் பிடித்தால் ஒவ்வொன்றும் தனிக் கைப்பிடி. ஒரு பெட்டியோடு இருவர் ஆடலாம். என் விரல்களுக்கு அது கொஞ்சம் சின்னன்தான். பலகையின் முதுகிலுள்ள சிறு காலை விரித்து மேசையில் நிறுத்தினோம். விளக்கைக்கூடக் கொளுத்தவில்லை.

கரண்ட் வந்தபோது மூன்றாவது ஓட்டத்தில் இருந்தோம். ரீவியைப் போட இருவருக்கும் நினைவு வரவில்லை.