பதின்மூன்று வருடப் பிரிவும் நாலு வருடக் கெம்பஸும்

சிறுவயதிலேயே பல இனப் பிள்ளைகளோடு பழகிய மாணவருக்குப் பல்கலைக்கழக வாழ்வு இலகுவாகும் என்ற கருத்து இப்போது எங்கட மேடைகளிலும் ஒலிக்கிறது. இதன் வேர், அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் தப்பெண்ணம் பற்றி 1954 இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. ஆனால் அந்நூல் 'சும்மா சேர்ந்திருந்தால் சரி' என்று சொல்லவில்லை. சம அந்தஸ்து, பொது இலக்கு, அதற்கான கூட்டுழைப்பு, அதிகாரத்தில் உள்ளோரின் ஆதரவு என நான்கு நிபந்தனைகளை அது வைக்கிறது.

1980 இல் ஜொமில்ஸ் பிரெடொக் மறுபக்கத்தைக் காட்டினார். பிரிந்த பாடசாலைகளில் படித்த கறுப்பின மாணவர் உயர்கல்வியிலும் பிரிந்த இடத்தையே நாடும் போக்கு உண்டு என்றார். மற்றவரோடு பழகிப் பார்க்காதவரை, பழகினால் என்ன நடக்குமோ என்ற பயமும் தீராது.

இவற்றை அப்படியே இங்கே தூக்கி வர ஏலாது. அமெரிக்கக் கறுப்பின, வெள்ளையின மாணவருக்கு ஆங்கிலம் பொதுமொழி. ஆகவே ஓல்போர்ட்டின் பட்டியலில் மொழி இல்லை. எங்கட பட்டியலில் அதுதான் முதலாவதாக வர வேண்டும். முஸ்லிம் பாடசாலையில் தமிழில் படித்த பிள்ளை, பெரும்பாலும் இருபது வயதில் பேராதனைக்கோ கொழும்புக்கோ போன பிறகுதான் சிங்கள மாணவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறது. 'மச்சான்' என்று கூப்பிடத் தெரியும். அதற்கு மேல் கதை வராது. கலைப்பீடமென்றால் பல விரிவுரைகளும் மொழிவாரியாகப் பிரிந்துவிடும்.

மொழி ஒன்றானால் மட்டும் போதுமா என்றால், அதுவுமில்லை. தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் ஒரே மொழி, ஒரே பரீட்சை வினாத்தாள். கிழக்கில் இருவரின் ஊரும் பக்கத்துப் பக்கத்தில். ஆனாலும் பாடசாலைகள் வேறு. 1990 பற்றி ஒவ்வொரு வீட்டிலும் சொல்லப்படும் கதையும் வேறு.

முஸ்லிம் பாடசாலைகளை இல்லாமலாக்க வேண்டும் என்பது என் வாதமல்ல. எங்கட பெண்பிள்ளைகள் ஏ.எல். வரை வந்ததில் அவற்றின் பங்கு பெரிது. ஆனால் 'தனித்துவம்' என்ற சொல்லைக் காட்டி, பக்கத்துப் பாடசாலையோடு பேசாமல் இருப்பதை நியாயப்படுத்த முடியாது. தரம் 6 இலிருந்து படிப்பிக்கும் இரண்டாம் மொழிச் சிங்களம், புள்ளி எடுக்கும் பாடமாக நின்றுவிடாமல் பேச்சாக மாற வேண்டும். பாடசாலைக்குப் பாடசாலை மேட்ச் வைப்பது போட்டியைத்தான் வளர்க்கும். இரண்டு பாடசாலைப் பிள்ளைகளும் கலந்து ஒரே அணியில் விளையாடுவதும், ஒரே விஞ்ஞானக் கண்காட்சிக்குச் சேர்ந்து வேலை செய்வதும்தான் ஓல்போர்ட் சொன்ன கூட்டுழைப்புக்குக் கிட்ட வரும். இதற்கு அதிபரும் பள்ளிவாசல் நிர்வாகமும் முன்னால் நிற்க வேண்டும். நாலாவது நிபந்தனை அதுதான்.

பதின்மூன்று வருடம் பிள்ளைகளைப் பிரித்து வைத்துவிட்டு, கெம்பஸின் நாலு வருடத்திடம் இன நல்லுறவைக் கேட்கிறோம். கேட்கும் இடம் பிழை.