காட்ஸில்லாவின் அனல்மூச்சு: தோற்றமும் உட்பொருளும்

படைக்கலம் என்பது கொல்லும் கருவி மட்டும் அன்று. அதனை ஏந்துவோன் யாவன், அஃது அவன்பால் எவ்வாறு வந்தது என்பவற்றை உடன் உணர்த்தும் சான்றும் ஆகும். காப்பியம் கற்போர் இதனை நன்கு அறிவர். கதை கூறும் கலையாகிய திரைப்படத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். ஜப்பானில் 1954 நவம்பர் 3ஆம் நாள் வெளிவந்த ‘கோஜிரா’ என்னும் படம், உலகெங்கும் காட்ஸில்லா என வழங்கப்பெறும் பெருவிலங்கைப் படைத்தது. அவ்விலங்கின் படைக்கலம் அதன் வாயினின்று வெளிப்படும் அனல்மூச்சு. அது தோன்றிய வகையையும், அது குறித்த பொருளையும், அப்பொருள் பின்னர்த் திரிந்த முறையையும் ஈண்டு ஆராய்வோம்.

தீயுமிழும் விலங்கு என்றவுடன் பழங்கதைகளின் டிராகனை நினைத்தல் இயல்பு. ஆயின், கிழக்காசிய மரபில் டிராகன் நீரோடும் மழையோடும் தொடர்புடையது; ஊரைச் சுடும் தீயை உமிழ்வது பெரிதும் மேலை மரபின் டிராகனே. ஆகவே கடலில் பிறந்த காட்ஸில்லா தீயை உமிழ்வதற்கு ஜப்பானியப் பழமரபு ஒன்றே காரணம் எனல் பொருந்தாது.

அதற்கு முந்திய திரைப்படங்களிலும் இம்மூச்சு இல்லை. 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தின் குரங்குக்கு உடல்வலிமையே படை. 1953இல் வந்த அமெரிக்கப் படம் ஒன்றில், வடமுனைப் பகுதியில் நிகழும் அணுகுண்டுச் சோதனையால் தொல்விலங்கு ஒன்று விழித்தெழுந்து நியூயார்க் நகரைத் தாக்குகிறது. ‘கோஜிரா’ இதற்குக் கடன்பட்டது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. அமெரிக்கப் படத்தில் விலங்கைக் கொல்வது மனிதன் ஏவும் கதிரியக்கப் பொருள். அணுவாற்றல் அங்கே காக்கும் படை. ஜப்பானியப் படத்தில் அணுவாற்றல் விலங்கின் வாயில் இருந்து மனிதனை நோக்கி வருகிறது. கதைக்கூறு பலவற்றைக் கடன் பெற்ற ஜப்பானியர், படைக்கலத்தைத் தாமே படைத்தனர் என்க.

அப்படைப்பின் தோற்றுவாய் அவ்வாண்டின் வரலாற்றிலேயே உள்ளது. 1954 மார்ச்சு 1ஆம் நாள் அமெரிக்க அரசு பிகினித் தீவில் ஹைட்ரஜன் குண்டொன்றை வெடித்துச் சோதித்தது. அதன் ஆற்றல் 15 மெகாடன். அறிவியலார் எதிர்பார்த்ததைப் போல் இருமடங்கினும் மிக்கது. அறிவிக்கப்பெற்ற இடர் எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியக் கலம் ஒன்றின்மீது கதிரியக்க வெண்சாம்பல் பொழிந்தது. அக்கலத்தின் பெயர் ‘ஐந்தாம் நற்பேற்று டிராகன்’ எனப் பொருள்படும். அதில் இருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலிப் பணியாளர் குபோயாமா செப்டம்பர் 23ஆம் நாள் இறந்தார். அவர் இறந்து ஆறு வாரங்களுக்குள் படம் திரைக்கு வந்தது. கடலில் ஒளி தோன்றிக் கலம் ஒன்று எரிவதே அதன் தொடக்கம். இக்காட்சியைக் கண்ட முதல் அவையோர்க்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து படையினின்று மீண்டபோது ஹிரோஷிமாவின் அழிவைக் கண்டவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

விலங்கையும் குண்டையும் ஒன்றெனக் கூறும் உரையாடல் படத்திலேயே உண்டு. ஆயின் மூச்சின் பொருளைப் படம் சொல்லால் கூறாது காட்சியால் உணர்த்துகிறது. உள்ளுறையைப் பயின்ற நமக்கு இம்முறை புதிதன்று. முதலில் முதுகின் செதில்கள் ஒளிர்கின்றன. பின்னர் மூச்சு எழுகிறது. மின்கம்பிக் கோபுரங்கள் உருகிச் சாய்கின்றன. அம்மூச்சு ஒளிக்கோடாக அன்றி வெண்ணிற ஆவியாகத் தோன்றுகிறது. கறுப்பு வெள்ளைப் படமாதலின் நிறத்தை மட்டும் கொண்டு வாதிடல் தகாது. எனினும் பரவிப் படியும் அவ்வடிவம் மார்ச்சு மாதத்துச் சாம்பலை நினைவூட்டியிருக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தும். இதனினும் வலிய சான்று மருத்துவமனைக் காட்சியாகும். அங்கே ஒரு குழந்தையின் அருகே கதிரியக்கம் அளக்கும் கருவி பிடிக்கப்படுகிறது. தீ அணைந்த பின்னும் மூச்சின் வினை உடலில் தொடர்வதை அக்கருவியின் ஒலி அறிவிக்கிறது.

இம்மூச்சுக்கு எதிராகப் படம் மற்றொரு படைக்கலத்தை வைக்கிறது. அது செரிசாவா என்னும் அறிஞர் கண்ட, நீரின் உயிர்வளியை அழிக்கும் கருவி. அதனை ஒருமுறை பயன்படுத்த இசையும் அவர், குறிப்புகளை எரித்துவிட்டுத் தாமும் விலங்கோடு கடலில் மாய்கிறார். படைக்கலம் செய்தோன் அதன் பொறுப்பைத் தன் உயிரால் ஏற்கிறான். மூச்சோ, செய்தோர் ஏற்க மறுத்த பொறுப்பு. இவ்விரண்டின் முரணே முதற்படத்தின் அறம்.

இவ்வறம் விரைவில் நெகிழ்ந்தது. 1956இல் அமெரிக்காவில் வெளியிடப்பெற்ற வடிவத்தில், சோதனைகள் தொடரின் இன்னொரு காட்ஸில்லா தோன்றக்கூடும் என்னும் முதிய அறிஞரின் இறுதி எச்சரிக்கை இல்லை. 1964இல் மூன்று தலையுடைய கிடோராவை எதிர்த்துக் காட்ஸில்லா உலகைக் காக்கப் போரிட்டது. 1971இல் மாசின் உருவாகிய ஹெடோராவைத் துரத்துவதற்கு அம்மூச்சின் உந்துவிசையால் வானில் பறந்தது. இவை சிறுவர்க்குரிய களியாட்டு; இவற்றில் உட்பொருள் தேடல் வேண்டா என்பாரும் உளர். விளையாட்டு குற்றம் அன்று. 1971ஆம் ஆண்டுப் படம் ஆலைமாசு என்னும் மெய்யான துன்பத்தையே பேசியது. குறை யாதெனின், மூச்சால் சுடப்படுவது மற்றொரு விலங்கானமையின், சுடப்பட்ட மனிதர் நம் கண்ணினின்று மறைந்தனர் என்பதே.

அமெரிக்கப் புதுவரிசையில் திரிபு முற்றியது. 2014ஆம் ஆண்டுப் படத்தின்படி, 1954இல் பசிபிக் கடலில் வெடித்தது சோதனைக் குண்டு அன்று; காட்ஸில்லாவைக் கொல்ல ஏவிய குண்டு. காரணம் காரியமாகவும், வினை தற்காப்பாகவும் மாறிவிட்டன. 2019இல் செரிசாவா என்னும் அதே பெயருடைய அறிஞர், நலிந்த விலங்குக்கு வலிமையூட்ட அணுகுண்டொன்றைத் தம் கையால் வெடித்து உயிர் துறக்கிறார். முன்னவர் படைக்கலத்தை உலகினின்று மறைக்க மாய்ந்தார். பின்னவர் அதனை மருந்தாக்கி மாய்ந்தார். கதையை மாற்றுதல் கலைஞர்க்கு உரிமையே. ஆயினும் மெய்யாக மாந்தர் நோயுற்று மாண்ட ஒரு நிகழ்ச்சியின் பழியைக் கதையால் துடைத்தல் அவ்வுரிமையுள் அடங்காது என்பது நம் கருத்து.

ஜப்பானில் இப்பொருள் மீண்டும் வலுப்பெற்றுள்ளது. 2016ஆம் ஆண்டுப் படம், ஃபுகுஷிமா அணுவுலை விபத்து நிகழ்ந்த ஐந்தாம் ஆண்டில் வந்தது. அதில் மூச்சு முதலில் கரும்புகையாகவும், பின்னர்த் தீயாகவும், முடிவில் ஊதாநிறக் கதிராகவும் மாறி டோக்கியோவை அறுக்கிறது. 2023இல் தகாஷி யமஸாகி இயக்கிய படம் தோற்றுவாய்க்கே திரும்புகிறது. அதில் 1945இல் தோன்றும் விலங்குக்கு அனல்மூச்சு இல்லை. 1946ஆம் ஆண்டுப் பிகினிச் சோதனைக்குப் பின்னரே அதனைப் பெறுகிறது. டோக்கியோவின் கின்சாப் பகுதியில் அது உமிழும்போது காளான் வடிவ முகில் எழுந்து கருமழை பெய்கிறது. உமிழ்ந்த விலங்கின் உடலும் வெந்து சிதைகிறது. ஏவியோனையும் சுடும் படை என்னும் கருத்து இங்குப் புதிதாகச் சேர்ந்துள்ளது.

இதுகாறும் கூறியவற்றால், அனல்மூச்சு விலங்கிற்கு இயற்கையாய் அமைந்த ஆற்றல் அன்று, மனிதன் செய்த வினை அவன்மேல் மீண்ட வடிவமே என்பது பெறப்படும். மூச்சின் ஒளியோ நிறமோ அப்பொருளைக் காப்பதில்லை. வினை செய்தோர் யார் என்பதும், அதனால் வெந்தோர் யார் என்பதும் ஒருங்கே காட்டப்படும் படத்தில் அது குறிப்பாக நிற்கிறது. அவ்விருவரும் மறைக்கப்படும் படத்தில் வெறும் வாணவேடிக்கை ஆகிறது. இவ்வரிசையில் இனி வரும் படங்களை மதிப்பிடுவோர்க்கும் இவ்விரு வினாக்களே அளவுகோலாதல் வேண்டும்.